கட்டாத வீட்டில் ஈரப் படங்கு

தேயிலைத் தோட்டத்தில் அறைகளை வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்துக்குப் பதிலாகத் தனித்தனி வீடுகள் வரப்போகின்றன என்ற சேதியோடு, அந்த வீடும் என் மருமகளின் போனுக்கு வந்து சேர்ந்தது. ஒரு லிங்க் அனுப்பியிருந்தார்கள். தொட்டால் வீடு தெரியும். விரலால் தள்ளினால் சுற்றும். கூரையைத் தொட்டால் கூரை கழன்று அறைகள் தெரியும். அடியில் இரண்டு பொத்தான். பச்சையில் 'சரி', சிவப்பில் 'மாற்றம் வேண்டும்'.

மருமகள் கொழுந்து எடுத்துவிட்டு வந்தவள், அடுப்படியில் நின்றபடியே பச்சையைத் தொட்டாள். லயத்தில் எல்லாரும் அதைத்தான் தொட்டார்கள். சிவப்பைத் தொட்டால் வீடு கைவிட்டுப் போய்விடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அப்படி எவரும் அறிவிக்கவில்லை. ஆனாலும் நம்பினோம்.

எனக்கு மட்டும் அந்த வீட்டில் ஏதோ இடித்தது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. நான் அஞ்சாம் வகுப்போடு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனவள். நாலு பேர் முன்னால் பேசுவதென்றால் வாய் கட்டிக்கொள்ளும். அதனால் பேசாமல் இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் வீட்டை வரைந்த அம்மாவே கொழும்பிலிருந்து வந்தார். என்னைப் போலவே தலை நரைத்தவர், சிங்களவர், தமிழை நிதானமாகப் பேசினார். எங்களைக் கூட்டிவைத்துப் பேச அவருக்குக் கொடுத்த இடம் பெரட்டுக்களம். காலையில் எங்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு, இன்றைக்கு இந்த மலை என்று பிரித்து அனுப்புகிற இடம் அது. அங்கே நின்றால் எங்களுக்கு ஒரே ஒரு சொல்தான் வரும். நாற்பது வருஷம் நானும் அங்கே நின்று அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

அவர் கம்ப்யூட்டரில் வீட்டைக் காட்டி, "இதில ஏதாவது மாத்தணுமா?" என்று கேட்டார்.

"சரிங்க" என்றோம் எல்லாரும்.

"மாத்தணுமா, வேணாமா?"

"சரிங்க மிஸ்."

"இன்னைக்குப் பின்னேரம் நான் முடிவு அனுப்பணும். அனுப்பினா அத்திவாரம் வெட்டிருவாங்க. பிறகு ஒரு கதவைக்கூட மாத்த ஏலாது" என்றார்.

அதற்கும் யாரோ பின்னால் நின்று "சரிங்க" என்றார்கள்.

அப்போதுதான் மிஸ் பையிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்தார். கண் இரண்டையும் முழுசாக மூடுகிற பெரிய கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டால், இன்னும் கட்டாத வீட்டுக்குள் நடக்கலாமாம். யாரும் முன்னே போகவில்லை. மருமகள் என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

"எங்க மாமிக்குப் போடுங்க மிஸ். வீட்ல வாயத் தொறக்க மாட்டாங்க. கண்ணாச்சும் தொறக்கட்டும்."

பெண்கள் சிரித்தார்கள். கூசிக்கொண்டே போட்டுக்கொண்டேன்.

போட்ட பிறகு கூச்சம் போன இடம் தெரியவில்லை. எனக்கு ஆட்களின் முகத்தைப் பார்த்தால்தான் வாய் கட்டும். கண்ணாடிக்குள் ஓர் ஆளும் இல்லை. வெள்ளைச் சுவர், பளபளவென்ற தரை, நேரே ஒரு வாசல்.

"மலையிலிருந்து வேலை முடிஞ்சி வீட்டுக்கு வாற மாதிரி நடங்கம்மா" என்று மிஸ்ஸின் குரல் கேட்டது.

வந்தேன். மழை பெய்கிறதாகவே எனக்குத் தோன்றியது. வாசலைத் தாண்டியதும் என் கை தானாகவே இடுப்புக்குப் போய்ப் படங்கை அவிழ்த்தது. தேயிலைச் செடி கிழிக்காமலும் நனைக்காமலும் இருக்க, கொழுந்து எடுக்கிறவர்கள் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற தடித்த விரிப்புதான் படங்கு. லயத்தில் அதை வெளியே இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், கூரைக்குக் கீழே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவோம். இங்கே இஸ்தோப்பு இல்லை. வாசல் நேரே கூடத்தில் விட்டது. இடப்பக்கம் திரும்பினேன், சோபா. வலப்பக்கம் டிவி. கையை நீட்டிப் பிடித்தபடி நடுக்கூடத்தில் நின்றுவிட்டேன்.

"மாமி, என்னத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?"

"படங்கு" என்றேன். "எங்க மாட்டுறது?"

வெளியே சிரிப்பு நின்றது. 'அட, ஆமா' என்று ஒருத்தி முணுமுணுத்தது கேட்டது.

"சொல்லுங்கம்மா" என்றார் மிஸ்.

கண்ணாடியைக் கழற்றவில்லை. கழற்றினால் வாய் மூடிவிடும் என்று எனக்குத் தெரியும்.

"நனைஞ்சி வாறவ இந்த வாசலால வந்து, சாமிப் படத்துக்கு முன்னால சொட்டச் சொட்ட நடந்துதான் குளிக்கிற அறைக்குப் போகணும். கால்ல அட்டை வேற இருக்கும். ஈரத்தோட வீடு முழுக்க நடந்தா அவளுக்கும் சளி, புள்ளைங்களுக்கும் சளி. என் காலம் முடிஞ்சிது. என் மருமக இன்னும் இருவது வருஷம் இப்பிடித்தான் வரணும். பின்னால ஒரு கதவு வேணும். அதுக்கு மேல கூரை வேணும். குளிக்கிற அறை அந்தக் கதவுக்குப் பக்கத்துல இருக்கணும்."

என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

"அப்ப ஏன் எல்லாரும் பச்சைய அமத்தினீங்க?" என்று மிஸ் கேட்டார்.

"சிவப்ப அமத்தினா வீடு தர மாட்டீங்கன்னு நெனச்சோம் மிஸ்" என்றாள் மருமகள்.

மிஸ் நெற்றியில் கை வைத்துக்கொண்டாராம். பிறகு கொழுந்து நிறுக்கிற மேடையில் உட்கார்ந்து, மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டார். குளிக்கிற அறையை நகர்த்த முடியாது, தண்ணீர்க் குழாய் அந்தப் பக்கம்தான் வருகிறது என்றார். ஆனால் அடுப்படியைக் கொஞ்சம் தள்ளினால் அறைக்குப் பக்கத்திலேயே கதவு வைக்கலாம் என்றார். அவர் சொன்னது நியாயம். கண்ணாடிக்குள் நான் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே சுவர் விலகியது, கதவு வந்தது, மேலே கூரை நீண்டது. சுவரில் ஒரு கொக்கியும் முளைத்தது.

"இப்ப சரியாம்மா?"

பழக்கத்தில் 'சரிங்க' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"இல்லீங்க. கொக்கி உசரம். கூடை சுமந்த தோள் அந்தியில மேல எழும்பாது."

"எவ்வளவு உசரத்தில வேணும்?"

அளவு சொல்ல எனக்கு அடியும் தெரியாது, அங்குலமும் தெரியாது. கண் தெரியாமலே பக்கத்தில் கையை நீட்டித் தடவினேன். மருமகளின் தோள் அகப்பட்டது.

"இந்த உசரம்."

"அவ கட்டையாச்சே, மாமி" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். "நாங்கல்லாம் குனிஞ்சா மாட்டுறது?"

"குனிஞ்சி மாட்டுங்க. எக்கி மாட்டுறதுக்கு அது மேல்" என்றேன்.

மிஸ் டேப்பை எடுத்து வந்து மருமகளின் தோளை அளந்து குறித்துக்கொண்டார். அவர் கிளம்பிப் போவதற்குள் போனில் இருந்த வீடும் மாறியிருந்தது. மருமகள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒரு தரம் காட்டிவிட்டு, பச்சையைத் தொட்டாள்.

இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறோம். மழை நாளில் பின்பக்கம் படங்கை உதறுகிற சத்தம் கேட்டால், தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைப்பேன். அவள் குளித்து, காய்ந்த துணியோடுதான் கூடத்துக்கு வருவாள். எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் அந்தக் கொக்கி ஒரே உயரத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் ஏன் இவ்வளவு கீழே என்று கேட்பார்கள். என் மருமகளின் தோள் அளவு என்று நானே சொல்லுவேன்.