பத்மாவின் ஆபீசுக்கு ஒரு பயணம்

நங்கநல்லூரிலிருந்து அடையாறு பத்து கிலோமீட்டர்தான் இருக்கும். என் மனைவி பத்மா தினமும் போய் வருகிறாள். நான் அவள் ஆபீசைப் பார்த்ததில்லை. போன சனிக்கிழமை அங்கே குடும்ப விழா. வருகிறவர்கள் மேடையேறி இங்கிலீஷில் அறிமுகம் செய்ய வேண்டுமாம். பத்மா காலையிலேயே கிளம்பிவிட்டாள்.

மதியம் மூன்று மணிக்கு என் எலெக்ட்ரிகல் கடையைச் சாத்திவிட்டு மெட்ரோ ஏறினேன். சின்னமலைக்கு இருபது ரூபாய். ஏசி காற்றில் நின்றபடி என்னைப் பற்றிய நாலு வாக்கியங்களை மனப்பாடம் செய்தேன். இந்தப் பாடெல்லாம் அவள் ஆபீசில் இருக்கும் கார்த்திக்குக்காகத்தான். ராத்திரி சாப்பாட்டில் ரசத்துக்கு முன்னால் ஒரு தடவை, மோருக்கு முன்னால் ஒரு தடவை அவன் பெயர் வந்துவிடும். கார்த்திக் இப்படிச் சொன்னான், கார்த்திக் சிரிக்க வைத்தான். கல்யாணமாகிப் பதினைந்து வருஷம், நான் வெறும் ‘ஏங்க’. அவன் எதிரில் நாக்குக் குழறக் கூடாது.

சின்னமலையில் ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டு நூற்றிருபதுக்கு இறங்கி வந்தார். சிக்னல் நெரிசலில் என் முணுமுணுப்பு அவர் காதில் விழுந்துவிட்டது.

“இன்னா சார், இங்கிலீஷ்ல பேசிக்கினு வர்ற?”

விஷயத்தைச் சொன்னேன்.

“வூட்டம்மாக்கு இன்னா வேலை சார்?”

“ஆபீஸ் வேலை.”

“அதான் சார், ஆபீஸ்ல இன்னா வேலை?”

“கம்ப்யூட்டர்ல. நீங்க ரோட்டைப் பாருங்க” என்றேன்.

நாலு மணிக்கு மூன்றாவது மாடியில் இருந்தேன். பத்மா கைகாட்டிய கார்த்திக் ஒல்லியாக, உயரமாக, தொப்பை இல்லாமல் இருந்தான். பார்த்ததுமே வயிறு எரிந்தது. அதற்குள் மைக் வைத்திருந்த பெண் என் பெயரைக் கூப்பிட்டாள். மேடையேறித் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

“மை நேம் இஸ் சேகர்…”

“நோ சார், ப்ளீஸ் இன்ட்ரொட்யூஸ் யுவர் வைஃப்.”

அவரவர் துணையைத்தான் அறிமுகம் செய்ய வேண்டுமாம். நான் படித்ததெல்லாம் என்னைப் பற்றி. “திஸ் இஸ் பத்மா. மை வைஃப். ஷி இஸ் வொர்க்கிங்…” அதற்கு மேல் வரவில்லை. இங்கிலீஷ் தெரியாததால் இல்லை. தமிழில் கேட்டிருந்தாலும் அதே இடத்தில்தான் நின்றிருப்பேன்.

கீழேயிருந்து கார்த்திக் எடுத்துக் கொடுத்தான். ஷி இஸ் அவர் டீம் லீட். எங்கள் பில் எல்லாம் இவர் கண்ணில் பட்டுத்தான் போகும். எனக்கு வேலை கற்றுத் தந்தவர். இப்படி ஆறேழு வாக்கியம், மூச்சு விடாமல். எல்லோரும் கைதட்டினார்கள். பத்மா தலைகுனிந்து சிரித்தாள். அவளுக்குக் கீழே வேலை செய்கிற பையன்தான் அவன் என்று தெரிந்த பிறகும் என் பொறாமை குறையவில்லை. கூடத்தான் செய்தது.

திரும்பும்போது மெட்ரோவில் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. கிண்டி தாண்டிய பிறகு கேட்டேன்.

“டீம் லீட் எப்ப ஆனே?”

“ஆறு மாசமாச்சு. அன்னிக்கு மைசூர்பாகு வாங்கிட்டு வந்தேனே?”

“வந்தே.”

“ஒரு துண்டு தின்னுட்டு, நெய் கம்மின்னு சொன்னீங்க. எதுக்குன்னு நீங்களா கேப்பீங்கன்னு பார்த்தேன்.”

ஆலந்தூர் வந்தது. அன்றைக்கு ஆபீசிலும் மைசூர்பாகு கொடுத்திருப்பாள். எதற்கென்று தெரிந்து, கைகுலுக்கிவிட்டுத்தான் கார்த்திக் சாப்பிட்டிருப்பான். அவனுக்கு அது எப்படி இனித்திருக்கும் என்றுதான் நங்கநல்லூர் வரை யோசித்துக்கொண்டு வந்தேன்.