கல்யாணத்துக்கு ஆகாத பாட்டு

டிஸ்கோ பாட்டை ராக் பாட்டாக மாற்றுவது சுலபம் என்று சொல்கிறவர்களை எங்கள் டிரம்மர் பக்கத்தில் ஒரு வாரம் உட்கார வைக்க வேண்டும். டிஸ்கோவுக்கு ஒரே சீரான தாளம். அதைக் கொஞ்சம் நிதானமாக, கனமாக அடித்தால் பாதி வேலை முடிந்தது. எங்கள் ஆளோ கோயில் உறுமி மேளத்தில் வளர்ந்தவன். முதல் சரணம் வரை ஒழுங்காக வருவான். அதற்குப் பிறகு கை தானாகத் திருவிழாவுக்குப் போய்விடும்.

“இது வெள்ளக்காரன் ஊர் பாட்டுடா. அம்மன் ஊர்வலம் இல்ல.”

“தெரியும்ணே. கைதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டுது லா.”

அவனும் நானும் தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்கிறோம். நான் மெஷின் ஃபிட்டர், பேண்டில் கித்தார். பேஸ் கித்தார் வாசிக்கிறவன் கியா பார்ம் சந்தையிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறான். லோரி திரும்பி வந்தால்தான் அவனும் வருவான். பாடுகிறவள் என் தங்கச்சி. இந்தப் பாட்டுகளையெல்லாம் கொண்டு வந்து என் தலையில் கட்டியவளும் அவள்தான். பிரிஞ்சாங் டவுனில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் அவளுக்கு வேலை. அங்கே நாள் முழுக்க, உருகி உருகிப் பாடுகிற பழைய சோல் பாட்டும் டிஸ்கோவும் ஓடும். கேட்டுக் கேட்டு அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். எனக்கு ராக் தவிர வேறெதுவும் காதில் ஏறாது. பாட்டு அவளுடையது, சத்தம் என்னுடையது என்று சமாதானம் பேசித்தான் பேண்ட் ஆரம்பித்தோம்.

சமாதானம் டிஸ்கோவோடு சரி. சோல் பாட்டு வந்தால் சண்டைதான். பாடுகிறவர் ஒரு வரியை முடித்துவிட்டு மூச்சு விடுவார், அந்த இடத்தில் எல்லா வாத்தியமும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமாம். என்னால் முடியாது. காலி இடத்தைப் பார்த்தால் விரல் துடிக்கும்.

“நான் மூச்சு விடுற எடத்துல எல்லாம் நீ வந்து குந்திக்கிறண்ணே,” என்பாள்.

அவளுக்கு மலைக்குக் கீழே ஈப்போவில் மாப்பிள்ளை அமைந்தது. நகை, சேலை எதிலும் அவள் வாயைத் திறக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “கல்யாணச் சாப்பாட்டுல அந்தப் பாட்ட நான் பாடணும். அதுக்கப்புறம் எப்ப பாடுவனோ.”

அந்தப் பாட்டு என்று அவள் சொன்னது மெதுவான ஒரு சோல் பாட்டு. பிரிந்து போகிறவரைப் பார்த்து, போ, திரும்பிப் பார்க்காமல் போ, பார்த்தால் நான் உடைந்துவிடுவேன் என்று பாடுவது. கல்யாணப் பெண் மைக்கைப் பிடிப்பதா என்று முதலில் முணுமுணுத்த அம்மாவும் ஒரு வழியாகச் சரி என்றுவிட்டார்.

தோட்டத்து மண்டபத்தில் ஒத்திகை. நாற்காலிகள் போதுமா என்று பார்க்க வந்த அம்மா, வந்த வேலையை விட்டுவிட்டு நின்று கேட்டார். “என்னா பாட்டு இது, இழுத்துக்கிட்டுப் போவுது? என்னா அர்த்தம்?”

நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். டிரம்மர் முந்திக்கொண்டான். “திரும்பிப் பாக்காம போன்னு பாடுதும்மா.”

அம்மாவின் முகம் மாறிவிட்டது. “திரும்பிப் பாக்காம போன்னு சுடுகாட்டுலதான்டா சொல்லுவாங்க. கல்யாண வீட்டுல பாடுனா வெளங்குமா?”

அத்தோடு விட்டாரா? மற்ற பாட்டுகளுக்கும் அர்த்தம் கேட்டார். அந்த மடையனும் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தான். ஒன்றில் நெஞ்சு பற்றி எரிகிறது, வேண்டாம். ஒன்றில் நீ இல்லாத வீடு இருண்டு கிடக்கிறது, வேண்டவே வேண்டாம். அன்றைக்குத்தான் தெரிந்தது, சோல் பாட்டுகளில் கல்யாணத்துக்கு ஆகிற பாட்டு எங்களிடம் ஒன்றுகூட இல்லை. விடிய விடிய ஆடு, ஆடு என்கிற டிஸ்கோக்கள் மட்டும் தப்பின. “இது பரவால்ல,” என்றார் அம்மா.

எனக்கு ஒரு யோசனை வந்தது. அவள் பாட்டை வேகமாக்கி, கித்தாரை அலறவிட்டால் வார்த்தை யார் காதிலும் விழாது. அம்மாவுக்குச் சுடுகாடு கேட்காது, தங்கச்சிக்குப் பாடின திருப்தி கிடைக்கும். வேலை முடிந்து வந்து வந்து அதைப் பிரித்துத் தைத்தேன். உண்மையைச் சொன்னால், நான் செய்ததிலேயே பிரமாதமான ராக் பாட்டு அதுதான்.

தங்கச்சி முழுவதையும் கேட்டாள். பிறகு எழுந்து போய் ஆம்ப்ளிஃபையரை அணைத்தாள். “நான் பாடுறது யாருக்கும் கேக்கக்கூடாதுன்னா நான் எதுக்குண்ணே பாடணும்?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அதன் பிறகு ஒத்திகைக்கே வரவில்லை. எனக்கு எல்லோர் மேலும் ஆத்திரம். அம்மாவின் சகுனத்தின் மேல், டிரம்மரின் ஓட்டை வாயின் மேல், நன்றி கெட்ட தங்கச்சியின் மேல்.

காலையில் கோயிலில் தாலி, மதியம் மண்டபத்தில் சாப்பாடு. நாங்கள் டிஸ்கோவை ராக்காக வாசித்தோம். இரண்டாவது பாட்டிலேயே டிரம்மர் உறுமிக்குத் தாவிவிட்டான். அத்தைமார்கள் கைகூடக் கழுவாமல் வந்து ஆடினார்கள். சம்பந்தி தோள்துண்டை எடுத்துச் சுழற்றினார். தங்கச்சி மேடையில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் பார்க்கவேயில்லை. நான் வாசித்தது எனக்கே பிடிக்கவில்லை.

நாலு மணிக்கு மூடுபனி வாசல் வரை இறங்கியது. ஈப்போவுக்குப் போக வேண்டிய கார் வந்து நின்றது. அதுவரை சிரித்த முகமாகப் பந்தி விசாரித்த அம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“அந்தப் பாட்டப் பாடச் சொல்லு.”

“நீதானம்மா வேணாம்னு ஆடுன?”

“அப்ப சோறு போடுற நேரம். இப்ப புள்ளைய அனுப்புற நேரம். அழுவுறதுக்கு இதான் நேரம். அந்த ஒரு வரிய மட்டும் மாத்தச் சொல்லு. திரும்பிப் பாத்துட்டுப் போன்னு பாடட்டும்.”

நான் நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த வேலையை அம்மா நின்ற இடத்தில் முடித்துவிட்டார். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன?

தங்கச்சி மாலையோடு வந்து மைக்கைப் பிடித்தாள். என் கைக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அலறல் ஒன்றுதான். அவளுக்கும் அது தெரியும்.

“நீ சும்மா நில்லுண்ணே,” என்றாள்.

நின்றேன். கம்பிகள் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கிக்கொண்டு நின்றேன். அவள் பாடி, நிறுத்தி, மூச்சு விட்டாள். அந்த இடைவெளியில் பின்கட்டில் அண்டா கழுவுகிற சத்தமும் அம்மாவின் விசும்பலும் கேட்டன. மாற்றிய வரியைப் பாதியில் நிறுத்திவிட்டாள். யாரும் அந்த இடத்தை நிரப்பப் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே தொடர்ந்து பாடி முடித்தாள். காரில் ஏறுமுன் திரும்பிப் பார்த்தாள், அம்மாவை, பிறகு என்னை.

அடுத்த வாரம் மறுபடி ஒத்திகை. பாட ஆள் இல்லாவிட்டாலும் பழகிய பாட்டை விட மனமில்லாமல் ஆரம்பித்தோம். முதல் வரி முடிகிற இடத்தில் என் கை நின்றுவிட்டது.

“ஏண்ணே நிறுத்திட்ட?” என்றான் டிரம்மர்.

“பாடுறவ மூச்சு விட வேணாமா?”

அவன் ஆளில்லாத மைக்கைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

“என் மூஞ்சியில என்னா இருக்கு? உறுமி இல்லாம தாளத்தப் போடுடா,” என்று அவன் மேல் எரிந்து விழுந்தேன்.