ஸ்பிரிங்கும் வாழைப்பூவும்

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் கழித்து நானும் என் மனைவியும் ஏர்கன் சுடக் கற்றுக்கொண்டோம். ஞாயிறு காலை மயிலாப்பூரிலிருந்து ஸ்கூட்டரில் கொட்டிவாக்கம் போவோம். அங்கே ஒரு ஹாலில் பத்து மீட்டர் தள்ளி அட்டை தொங்கும். ஆளுக்கு ஐந்து குண்டு. யாருடைய ஓட்டைகள் நெருக்கமாக விழுகின்றனவோ அவருக்கு வெற்றி. தோற்றவர் அந்த வாரம் முழுவதும் காய் நறுக்க வேண்டும். பந்தயத்தை ஆரம்பித்தவன் நான்தான். அந்தக் கொழுப்புக்கு மூன்று மாதமாக வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன்.

இருவருக்கும் ஒரே மாதிரி துப்பாக்கிதான். அவளுடைய ஐந்து ஓட்டைகளையும் ஒரு ரூபாய்க் காசு மூடிவிடும். என்னுடையதை மூட அப்பளம் வேண்டும். முதலில் குண்டைத் திட்டினேன், பிறகு ஹாலின் மின்விசிறியை. கடைசியில் வேகம் போதவில்லை என்று முடிவுகட்டி, குண்டைத் தள்ளும் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு முரட்டு ஸ்பிரிங் ஒன்று வாங்கி மாட்டினேன். சத்தம் பிரமாதம். ஒரு குண்டு அட்டையிலேயே படவில்லை.

எங்கள் தையல் மிஷினைப் பார்க்கும் அசோக் நகர் மெக்கானிக் ஏர்கன்னும் பார்ப்பார். மானம் போனாலும் பரவாயில்லை என்று பழைய ஸ்பிரிங்கையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"இன்னா சார், ராக்கெட்டா வுடப் போற?" என்று சிரித்தார். குழலுக்குள் திருகு போல் ஓடும் வரிகளைக் காட்டினார். குண்டைச் சுழல வைப்பவை அவைதாம். "இந்தத் திருகு மாறாது சார். நீ வேகமா தள்ளுனா குண்டும் அவ்ளோ வேகமா சுத்தும். இந்தக் குண்டுக்கு உடுக்கை மாதிரி இடுப்பு கீதுல்ல, அதனால கொஞ்சம் சுத்துனாலே போதும். ஓவரா சுத்துனா, துளியூண்டு நசுங்கல் இருந்தாகூட தள்ளாடிக்கினு போவும்."

பழைய ஸ்பிரிங்கையே எடுத்து, அதிலும் இரண்டு சுற்றை வெட்டிவிட்டுப் போட்டார். "மேடமும் இதேதான் பண்ணிக்கினு போனாங்க. மூணு மாசம் ஆச்சு" என்றார் சாதாரணமாக.

அடுத்த ஞாயிறு துப்பாக்கி சாதுவாக 'டப்' என்றது. ஐந்து ஓட்டைகளும் அவளுடையதைவிட நெருக்கமாகக் காசுக்குள் அடங்கின. முதல்முறையாக ஜெயித்தேன். ஜெயித்த சந்தோஷத்தில்கூட எனக்குக் கோபம் போகவில்லை. திருவான்மியூர் சிக்னலில் வண்டி நின்றதும் கேட்டேன்.

"ஏண்டி, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா கேட்டிருப்பேளா?"

கேட்டிருக்க மாட்டேன்.

"அதுவும் இல்லாம," என்றாள் பின்னாலிருந்து, "மூணு மாசமா சமையல்கட்டுல என் பக்கத்துலயே உக்காந்துண்டு பேசிண்டிருந்தேள். நன்னா இருந்தது."

வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. போகிற வழியில் வண்டியை நிறுத்தி, நானே இறங்கிப் போய் ஒரு வாழைப்பூ வாங்கினேன்.