உப்புக்கு முந்திய கஞ்சி

கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்த எங்கள் பள்ளிக்கூடம் உடையார்கட்டில் ஒரு கிடுகுக் கொட்டிலில் நடந்தது. நான் இரசாயனம் படிப்பித்தேன். அங்கே ஆய்வுகூட உதவியாளராக ஒரு அண்ணை இருந்தார். ஆய்வுகூடம் என்று மிஞ்சியது ஒரு மரப்பெட்டிதான். வெள்ளி நைத்திரேற்று பட்டுப்பட்டு அவருடைய விரல் நுனிகள் கறுத்திருந்தன.

இடம்பெயர்ந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றும் வரிசையில் எப்போதும் அவர்தான் முதலில் நிற்பார். உப்புப் போடுவதற்கு முன்பே ஒரு கோப்பை வாங்கிவிடுவார். அவருக்குப் பிரஷர் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அந்தக் கஞ்சித் தெளிவை வெள்ளிக் கரைசலில் ஊற்றி, குளுக்கோசு சேர்த்துச் சூடாக்குவார். போத்தலில் கரைசல் மஞ்சளாகும். கஞ்சியின் மாப்பொருள் ஒவ்வொரு வெள்ளித் துணுக்கையும் சுற்றிக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் வைத்திருக்கும். உப்புப் பட்டால் எல்லாம் வெள்ளையாகத் திரிந்துவிடும்.

கஞ்சி விடாமல் செய்த போத்தலும் பக்கத்தில் இருந்தது. அதில் வெள்ளி அன்றைக்கே கறுத்து அடியில் படிந்துவிட்டது.

“இதை ஏன் அண்ணை வைச்சிருக்கிறியள்?” என்றேன்.

“அதுவும் வெள்ளிதான் ரீச்சர். சுத்திப் பிடிக்க ஒண்டும் இல்லாமல் போச்சுது, அவ்வளவுதான்.”

அவருடைய வீட்டாரைப் பற்றி நான் கேட்கவில்லை. அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை.

சண்டைப் பகுதியை விட்டு வவுனியாவுக்குப் போக எனக்குப் பாஸ் கிடைத்தபோது மஞ்சள் போத்தலைத் தந்தார். “எத்தினை நாளைக்கு நிறம் நிக்குது எண்டு எழுதுங்கோ.”

மாரி மழை முடிந்தும் நிறம் மாறவில்லை. எழுதினேன். பதில் வரவில்லை.

இப்போதும் கஞ்சி காய்ச்சும்போது, உப்பை எடுத்த கை கொஞ்சநேரம் அப்படியே நின்றுவிடுகிறது.