பனங்கட்டிப் போத்தல்

மன்னார் பஸ் நிலையத்துக் கடையில் இன்று தனியாக இருந்தபோது, பக்கத்து மேசைக்குப் போன கோப்பியில் இஞ்சியும் ஏலக்காயும் மணந்தன. என் தேத்தண்ணி ஆறும்வரை நான் ஆயிஷா மாமியின் குசினியில் இருந்தேன். அந்த வீடு இப்போது இல்லை. அத்திவாரமும் அதில் முளைத்த உடைமுள்ளும்தான் மிச்சம்.

எங்களுடையது கத்தோலிக்க வீடு, வேலிக்கு அந்தப் பக்கம் மாமியின் முஸ்லிம் வீடு. அம்மா கோப்பியில் சீனி போடமாட்டார். கசக்கக் கசக்க ஊற்றித் தந்து, உள்ளங்கையில் ஒரு துண்டுப் பனங்கட்டி வைப்பார், கடித்துக் கடித்துக் குடிக்கவேண்டும். மாமி வீட்டிலோ இஞ்சியும் ஏலமும் தட்டிப் போட்டு, சீனியும் கலந்துதான் கோப்பி வரும். முதல்நாள் நான் பழக்கத்தில் வெறுங்கையை நீட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து மாமி விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாளே எனக்கென்று ஒரு போத்தல் நிறையப் பனங்கட்டி வாங்கி, எறும்புக்குப் பயந்து மேல்தட்டில் வைத்தார். "உனக்குச் சீனி போடேல்ல புள்ள, கடிச்சுக் குடி" என்று ஒவ்வொரு நாளும் அவர்தான் எடுத்துத் தருவார். எனக்கு அந்தத் தட்டு எட்டாது.

பிறகு, முஸ்லிம்கள் எல்லோரும் மன்னார்த் தீவைவிட்டுப் போகவேண்டும் என்று தோளில் துவக்கு மாட்டியிருந்தவர்கள் சொன்னார்கள். மாமி வீட்டாரும் படகேறினார்கள். அடுத்தநாள் நான் வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து போனேன். குசினியில் மேல்தட்டு வெறுமையாகக் கிடந்தது. போத்தல் கீழே, அடுப்புக்குப் பக்கத்தில், மூடி இறுக்கி, என் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது.