டெக்குக்காரர் பார்க்காத பாதி

அப்போது ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸில் யார் வீட்டிலும் வீடியோ கேசட் போட்டுப் படம் பார்க்கும் டெக் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிளாக் பெண்கள் சேர்ந்து டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, என் வீட்டில் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். தன் தம்பியைக் கொன்றவனைக் கதாநாயகன் கண்டுபிடித்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் சுவிட்சுக்குமாக நடந்தேன். கரண்ட் வரவில்லை, டெக்கை எடுத்துப்போக டெக்குக்காரர்தான் வந்து நின்றார்.

"கரண்ட் வந்ததும் எடுத்துக்குங்களேன்!" என்று சீறினேன்.

"அம்பத்தூர்ல ஒரு ஊட்ல காத்துகினு கீறாங்கம்மா. முடிவுதானே? நான் சொல்றேன்."

சண்டை, அழுகை, தாயின் சாபம் எல்லாவற்றையும் நடித்தே காட்டினார். கைதட்டினோம். டெக்கைப் போர்வையில் சுற்றும்போது தயங்கியபடி கேட்டார்:

"ஆமா, அந்தத் தம்பிய எதுக்கும்மா கொன்னாங்க?"

"நீங்கதான் படம் பாத்திருக்கீங்களே!"

"எங்க? படத்தப் போட்டுட்டு, பேர் வந்ததும் அடுத்த ஊட்டுக்குப் பூடுவேன். எடுக்க வரச்சொல்லோ கிளைமாக்ஸ் ஓடிகினு இருக்கும். எல்லாப் படமும் எனக்கு அப்டித்தாம்மா."

என் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அம்பத்தூர்க்காரர்கள் காத்திருக்கட்டும். "உக்காருங்க" என்று சொல்லி, முதல் காட்சியிலிருந்து கதையைச் சொல்லத் தொடங்கினேன்.

இன்று எந்தப் படத்தையும் நினைத்த நேரத்தில் பார்க்கலாம். ஆனாலும், பாதிப் படத்தில் யாராவது உள்ளே வந்தால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. நிறுத்திவிட்டு ஆரம்பத்தைச் சொல்லிவிடுகிறேன்.