மேகம் போட்ட நாளில் வந்த குமிழி

என் மேசை இழுப்பறையில் நகத்தளவு சிலிக்கான் தகடு ஒன்று கிடக்கிறது. அதன் ஓரத்தில் பாலாடையைவிட மெல்லிய கருப்புத் தோல் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. மீதியை உரித்தவன் நான்.

எண்பதுகளில் சேலத்துக் கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளனாக இருந்தேன். அங்கே திருச்செங்கோட்டுப் பக்கத்து மேடம் ஒருவர், வெயிலை வைத்துத் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கப் பாடுபட்டார். எரித்தால் புகை வராத எரிபொருள். தகட்டில் வெயில் பட்டால் மின்சாரம் பிறக்கும். எதிரே உள்ள பிளாட்டினக் கம்பியில் ஹைட்ரஜன் குமிழி ஏறும். ஆனால் தகடு தண்ணீரில் சீக்கிரம் கெட்டுவிடும். அதைக் காக்கத்தான் மின்சாரம் கடத்தும் கருப்புப் பிளாஸ்டிக் படலம். எத்தனையோ படலங்கள் ஒரே நாளில் உரிந்தன. மேடம் மறுபடி பூசுவார். கடைசியில் ஒன்று பத்தொன்பது நாள் நின்றது. “இருக்குதுங்கண்ணா, இன்னும் இருக்குது” என்று காலையில் வந்ததும் சொல்வார்.

இருபதாம் நாள் டெல்லியிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். அவர்கள் சரியென்றால்தான் ஆய்வு தொடரும். அன்று பார்த்து வானம் மூடிக்கொண்டது.

“வெயில் இல்லீன்னா குமிழி வரக்கூடாதுங்க சார், அதுதானுங்க சாட்சி. வெயில் வந்ததும் அதையும் காட்டிப்போடலாமுங்க” என்று துறைத்தலைவரிடம் சொல்லிவிட்டு, அவர்களை அழைத்துவர மேடம் வாசலுக்குப் போனார்.

“சும்மா கெடக்கற தண்ணியக் காட்டவா கூப்பிட்டோம்? மேசைக்குக் கீழ ஒரு பேட்டரிய மாட்டுய்யா” என்றார் துறைத்தலைவர்.

நான் நாமக்கல்காரன். பேட்டரி என்றால் எனக்கு லாரி பேட்டரிதான். பின்கட்டில் கிடந்ததைத் தூக்கிவந்து மாட்டினேன்.

தண்ணீர் உலை போலப் பொங்கியது. வந்தவர்கள் கைதட்டினார்கள். ஒரு பெரியவர் மட்டும் குனிந்து ஒயரைப் பார்த்துவிட்டார். “இது என்ன?”

“அந்தம்மா ஏற்பாடுங்க, எனக்கொன்னும் தெரியாது” என்றார் துறைத்தலைவர், கூசாமல்.

அந்த வேகம் தாங்காமல் உரிந்த படலம் நைந்த துணி போல மிதந்தது. அவர்களோடு உள்ளே வந்த மேடம் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “அண்ணா, நீங்க சொல்லுங்கண்ணா.”

வேலை போய்விடும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோழை.

மோசடி என்று எழுதி ஆய்வை மூடினார்கள். மேடம் மேட்டூரில் ஏதோ கம்பெனிக்குத் தண்ணீர் சோதிக்கும் வேலைக்குப் போனார். துறைத்தலைவர் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். அந்த மாலையை வாங்கிவந்தவனும் நான்தான்.

இன்று மேகம் போட்டிருக்கிறது. தகட்டை எடுத்து ஒரு குவளைத் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறேன். குமிழி வரவில்லை. அன்று மேடம் காட்ட நினைத்தது இவ்வளவுதான்.